சுபாவின் பெயரில் நான் படித்த பாடங்கள்

ஏளா,

நேற்று நம் பள்ளி வாசிப்பு அறையின் பீரோவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் நீலகிரித் தைல வாசனை முகத்தில் அடித்தது. பாடம் கேட்க ஹெட்போன் மாட்டித்தான் தன் பிள்ளைக்குப் பேன் வந்துவிட்டது என்று ஓர் அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாளே, அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் துணியில் தைலத்தைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாய். தைலத்துக்குப் பேன் சாகுமா என்று நான் கேட்டதற்கு, "பேன் சாகாது, அந்த அம்மா வாய் அடங்கும்லா" என்றாய். எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பீரோ. ஹெட்போனைத் தொட்டால் பஞ்சு கறுப்புப் பொடியாக விரலில் ஒட்டுகிறது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. வருகிற மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. அதற்குள் அந்த அறையை ஒழித்துத் தரும்படி புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது, "இந்தக் கம்ப்யூட்டர் பாடம் பலிக்கலன்னு அந்த டீச்சரே மூடுனதுதானே? எடைக்குப் போட்டுருவோமா டீச்சர்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்தப் பாடம் பலிக்காமல் போகவில்லை. பலித்துக்கொண்டிருந்ததைக் கெடுத்தவள் நான். உன்னிடம் கடைசிவரை சொல்லாத அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் படிக்கமாட்டேன் என்ற தைரியத்தில் எழுதுகிறாயா என்று நீ கேலி செய்வாய். செய்துகொள்.

நாசரேத்துக்காரி நீ, ஆத்தூர்க்காரி நான். பி.எட். படிக்கும்போது விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், பிறகு தூத்துக்குடியில் ஒரே பள்ளியில் வேலை. நீ கணக்கு, நான் தமிழ். ஒரு கோடை விடுமுறையில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்து நீ வேறு ஆளாகிவிட்டாய். "நாம மக்குன்னு கடைசி பெஞ்சுல தள்ளுற பிள்ளைகள்ல பாதி மக்கு இல்லளா. சொன்னா புரியுது, கேட்டா பதில் சொல்லுது. எழுத்தப் பாத்தா மட்டும் அதுக்குரிய சத்தம் மனசுல வர மாட்டேங்கு. அதுக்குப் பேரு டிஸ்லெக்சியா" என்றாய். யார் யாரையோ பிடித்து நாலு பழைய கம்ப்யூட்டர்களும், அந்தப் பிள்ளைகளுக்கென்றே செய்த ஒரு மென்பொருளும் கொண்டுவந்து இறக்கினாய். பதினோரு பிள்ளைகளைச் சேர்த்தாய். உப்பளத்துக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை.

திரையில் ஒரு சொல் வரும், காதில் அதன் ஓசை கேட்கும், பிள்ளை எதையாவது அமுக்க வேண்டும். தப்பாக அமுக்கினால் அது திட்டாது. அதே எழுத்தை இன்னொரு சொல்லில் வைத்து மறுபடி கொண்டுவந்து நிறுத்தும். சரியாக அமுக்கிக்கொண்டே போனால், இது இந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று எண்ணி அடுத்த படிக்கு ஏற்றிவிடும். பாடம் முடிந்தால் கைதட்டும். வாரக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறிக்கை வரும். தேறியது பச்சை, தடுமாறியது சிவப்பு. முப்பது வருஷம் பிரம்பால் வராதது பொம்மையால் வந்துவிடுமா என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். முதலில் சிரித்தவள் நான்தான்.

நீ அசரவில்லை. "செவப்பு வரட்டும்ளா. செவப்பு வந்தாத்தான் பிள்ளை எங்கன நிக்குன்னு அந்த மெஷினுக்குத் தெரியும். அதுகிட்ட மட்டும் மறைக்கப்பிடாது" என்பாய். ஆறே மாதத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மீனவப் பையன் காலை வழிபாட்டில் செய்தித்தாள் வாசித்தான். திக்கித் திக்கித்தான், ஆனாலும் வாசித்தான். நீ தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினாய். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது என் மகள் சுபா நம் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். மதியம் தூக்குச்சட்டி கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னாய்: "கோவப்படாத. சுபாவையும் அந்த ரூமுக்கு அனுப்பு." எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்தான் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. மாவட்டப் பேச்சுப் போட்டிக்கெல்லாம் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புகிற தமிழ் டீச்சர் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று ஊர் பேசினால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. எட்டாம் நாள் நீயே வந்தாய். உன் சொந்த டேப்லட்டில் அந்த மென்பொருளை ஏற்றி, சுபா பெயரைப் போட்டு, "சரி, ரூமுக்கு வர வேண்டாம். வீட்டுல வச்சுப் பாரு. ரிப்போர்ட்டு எம் போனுக்கு வந்துரும்" என்றாய். எனக்காக இறங்கி வந்தாய். அப்படி இறங்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் செய்தோம். ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிஷம் எடுத்தாள். அவள் தப்பாக அமுக்க அமுக்க அந்த மென்பொருள் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது. அலுத்தது எனக்குத்தான். மூன்றாம் வாரம் அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். அந்த வார அறிக்கை முழுக்கச் சிவப்பு. நீ நல்லதுதான் என்றாய். எனக்கு அந்தச் சிவப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அஞ்சறைப்பெட்டி மேல் டேப்லட்டைச் சாய்த்து வைத்து, நேற்று மிச்சம் விட்டதை மட்டும் முடித்துவிடுவோம் என்று நானே அமுக்கினேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கைதட்டியது. மறுநாளும் செய்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. உனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று பாடத்துக்கு இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பாக அமுக்குவேன். அவ்வளவு கெட்டிக்காரி உன் தோழி.

பச்சை வரவர உன் முகத்தில் எவ்வளவு பூரிப்பு. பத்தாம் வகுப்பு தொடங்கியதும் ஒரு விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தாய். மருத்துவரிடம் சான்று வாங்கி அனுப்பினால், பொதுத்தேர்வில் சுபாவுக்குக் கூடுதல் நேரமும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும். "இப்பத்தான் பச்சையா வருதே, அவளுக்கு எதுக்கு இது?" என்றேன். நீ சுபாவைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாய். புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தவள் நான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பக்கம் அது. வரியில் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பித்தாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு, "இது தானா நீந்திரும்ளா" என்று விண்ணப்பத்தை மடித்து உன் மூட்டை மாதிரியான கைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். சுபா என்னையே பார்த்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

சுபாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அறிவியலில் எதைக் கேட்டாலும் வாயால் சொல்லிவிடுவாள். தேர்வில் கேள்வியை வாசித்து முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. ஐந்தில் மூன்று பாடம் போயிற்று. மறுதேர்வு எழுதமாட்டேன் என்றுவிட்டாள். இன்றைக்கு ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். முன்னால் பில் போடுகிற இடத்துக்கு வரச்சொன்னால் வரமாட்டாள். பின்கட்டில் மாவு பிசைகிற இடம்தான் வேண்டும் என்பாள்.

தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் நீ வந்தாய். சுபாவிடம் வேறொரு பக்கத்தை நீட்டினாய். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நீ வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "தப்பு எம் மேலதான்ளா. அந்த ரிப்போர்ட்ட நம்பி ஃபாரத்த மடிச்சு வச்சவ நான்லா" என்று அழுதாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "விடு, அவ தலையெழுத்து" என்றேன்.

பள்ளி திறந்ததும் நீ அந்த அறையைப் பூட்டினாய். "வாசிக்கவே தெரியாத பிள்ளைக்குப் பச்ச போட்ட மெஷினு மத்ததுக்கு மட்டும் மெய்யா சொல்லுமா? அன்னைக்குப் பேப்பர் வாசிச்சானே, அவனும் மனப்பாடம் பண்ணித்தான் வாசிச்சானோ என்னமோ. இதுகளையும் நடுக்கடல்ல கொண்டு விட்டுருவேன்ளா" என்றாய். அந்தப் பையன் இரண்டு நாள் இடைவேளையில் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு வரவில்லை. பதினோரு பேரும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயமும் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தது அதைச் சொல்லத்தான். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ முதலில் சுபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். பிறகு, "அந்தப் பதினோரு பிள்ளைகளையும் பாதியில விட்டுட்டேன்ளா. கர்த்தர் கேப்பாரு" என்றாய். நர்ஸ் வந்து டிரிப்ஸைச் சரிசெய்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவளும் போனாள். "இப்ப எதுக்கு அதெல்லாம், செத்த நேரம் தூங்கு" என்று உன் போர்வையை இழுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் போன் வந்தது. செய்யாத தப்பை உன்னோடு கொண்டுபோகும்படி விட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

இதுவரை எழுதிவிட்டு நேற்று சாயங்காலம் சுபாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எனக்கு அப்பவே தெரியும்மா. விடியக்காலம் கைதட்டுற சத்தம் கேக்கும்லா. நான் முழிச்சுத்தான் கெடப்பேன்" என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே அவளே சொன்னாள்: "ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்தப்ப நானே டேப்லட்ட எடுத்துப் போட்டுப் பாத்தேன். நெசமாவே படிக்கணும்னுதான். ஒரு வரிகூட வரல. எம் பேரு போட்ட பாடமே எனக்கு வரலன்னா நான் மக்குதானேன்னு மூடி வச்சுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சரியாக அமுக்க அமுக்க அந்த மென்பொருள் அவளை எங்கேயோ உச்சிப் படியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. தன் படியில் நின்று தொடங்க வந்த பிள்ளைக்கு அங்கே கால் வைக்க இடமே இல்லை. இதை அவளிடம் விளக்கிச் சொன்னேன். மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ அது எனக்கு வச்ச பாடம் இல்லையாம்மா?"

"இல்ல மக்கா, அது எனக்கு வச்சது" என்றேன். அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

இன்று காலை தலைமையாசிரியையிடம் போய், "எடைக்குப் போட வேண்டாம். அது பலிச்சுது, கெடுத்தவ நான்" என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுதீங்க டீச்சர்?" என்றார். அந்தப் பிள்ளைகளைத் தேட வேண்டும் என்றேன். நீ பெயர்ப் பட்டியல் எதுவும் வைக்கவில்லை. எழுதினால் அதுவே அவர்களுக்கு முத்திரையாகிவிடும் என்பாய். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. திறந்தால் அதற்குள்ளும் பிள்ளைகள் பெயர் இல்லை. சாளை, சீலா, முரல், விளமீன் என்று பதினோரு மீன்கள். அவரவருக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பாய். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

பழைய ஆசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டு, ஞாபகத்தில் இருந்ததையும் சேர்த்து, ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன்; போனில் கேட்டதும் தங்கள் மீன் பெயரை அவர்களே சொன்னார்கள். சாளைதான் அன்று செய்தித்தாள் வாசித்தவன். இப்போது படகில் போகிறான். விளமீனைப் பெரியதாழையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அங்கே போகிறேன், சுபாவும் வருகிறேன் என்கிறாள். நெத்திலி, கணவாய், ஊளி, பாறை, இந்த நாலு பேர் யாரென்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. உன்னைக் கேட்டால் தெருப் பெயரோடு சொல்வாய்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒரு பெண் ஏறினாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். முன்னால் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது; அதைப் பார்க்காமல் கண்டக்டரிடம், "அண்ணாச்சி, இது ஓட்டப்பிடாரம் போகுமா?" என்று கேட்டாள். நெத்திலியா, கணவாயா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.