போடாத தபால்

மார்ச் 3, திங்கள்

பனி உருகி ரோடெல்லாம் சேறு. பனி தள்ளும் லாரி இடித்துச் சாய்த்த தபால் பெட்டிகளில் ஒன்பது இன்னும் நிமிரவில்லை. வாசலில் தேர்தல் பலகை நட மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. பள்ளி வாரியத்தில் காலியாகும் ஒரே ஓர் இடம், டுவெய்னும் கிர்ஸ்டனும் போட்டி. அதற்கு இத்தனை விஷம்.

ஹெல்விக் அம்மாள் என் தபால் வண்டியை மறித்தாள். "டுவெய்ன் அனுப்புற காகிதம் எதையும் என் பெட்டியில போடாத, மார்னா. உனக்குக் கை கூசல?" கூசத்தான் செய்கிறது. ஆனால் வந்ததைப் போடுவதுதான் என் வேலை, பத்தொன்பது வருஷமாக. விவாகரத்து நோட்டீஸும் போட்டிருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையும் போட்டிருக்கிறேன். அப்படித்தான் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வீடு தள்ளி ஒருத்தன் கிர்ஸ்டனின் நோட்டீஸை என் கண்ணெதிரே கசக்கிச் சேற்றில் எறிந்தான். இந்த ஊரை நினைத்தால் குமட்டுகிறது.

மார்ச் 7, வெள்ளி

தேவாலயக் கூடத்தில் தவக்கால வெள்ளியின் மீன் வறுவல் விருந்து. முன்பெல்லாம் காலியான இடத்தில் உட்காருவோம். இப்போது ஜன்னல் பக்கம் டுவெய்ன் ஆட்கள், சமையல்கட்டுப் பக்கம் கிர்ஸ்டன் ஆட்கள். லைல் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். முப்பது வருஷக் கல்யாணம். புருஷன் அந்த மூலையில் மீன் தின்கிறான், நான் இந்த மூலையில்.

கிர்ஸ்டன் பள்ளி நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். டுவெய்ன் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவன். பதினான்கு புத்தகங்களை அலமாரியிலிருந்து எடு என்று அவன் கத்தினான், இவள் மாட்டேன் என்றாள். அங்கே ஆரம்பித்த சண்டை, இப்போது ஒரே இடத்துக்கு இருவரும் போட்டி. "பிடிக்கலைன்னா அவன் படிக்க வேணாம். அடுத்தவன் கையில இருக்கிறதைப் பிடுங்க அவன் யாரு?" என்றாள் இன்று. அவள் பேசினால் எனக்கு மூச்சு விட முடிகிறது. எங்கள் பையன் எரிக் எட்டு வயதிலும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் அழுதபோது, ஒரு வருஷம் முழுக்கத் தன் மதியச் சாப்பாட்டு நேரத்தை அவனுக்குக் கொடுத்தவள்.

மார்ச் 24, திங்கள்

டுவெய்னின் கடைசி நோட்டீஸ் வந்துவிட்டது. என் தபால் தடத்தில் இருக்கும் முந்நூற்று எண்பது பெட்டிக்கும் ஒவ்வொன்று. முகவரி கிடையாது, வீட்டுக்கு வீடு போட வேண்டியது. கிர்ஸ்டனின் படம், கன்னத்தை ஊதவைத்து, கண்ணைக் கறுப்பாக்கி. மேலே கொட்டை எழுத்தில்: இவளிடமா உங்கள் பிள்ளைகளை விடுவீர்கள்? கீழே அவள் தனியாக வாழ்வதைப் பற்றி ஒரு வரி. அதை இங்கே எழுத மாட்டேன். படித்ததும் கை கழுவினேன்.

நாளைக்குப் போட வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

போடவில்லை.

மார்ச் 26, புதன்

எப்படிச் செய்தேன்? யோசித்தெல்லாம் செய்யவில்லை. முதல் பெட்டியைத் திறந்தேன், கை போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து கட்டுகளைக் கொட்டகையில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில், மான் கறிக்கு அடியில் வைத்துவிட்டேன். எரிக்குக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளை அசிங்கப்படுத்தும் காகிதம் அது. அதை என் கையாலேயே நான் ஊரெல்லாம் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். போதும்.

அலுவலகத்தில் போஸ்ட் மாஸ்டர் ரேமண்ட் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் சிப்பம் எண்ணி எடுத்துப் போவோம், காலியாகத் திரும்புவோம். யாரும் பின்னால் வந்து பார்ப்பதில்லை. நம்பிக்கைதான்.

ஏப்ரல் 2, புதன்

நேற்று ஓட்டு. கிர்ஸ்டன் ஜெயித்துவிட்டாள். பதினேழு ஓட்டு வித்தியாசம்.

பதினேழு. காலையிலிருந்து இந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. முந்நூற்று எண்பது பெட்டி, பதினேழு ஓட்டு.

ஏப்ரல் 4, வெள்ளி

மீன் வறுவலுக்குப் போகவில்லை. கிர்ஸ்டன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவாள், வெளியே போ என்பாள் என்றுதான் நினைத்தேன். காபியை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"தப்புதான் மார்னா," என்றாள். "ஆனா..."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆனா அந்தக் குப்பையைப் படிச்சுதான் ஜனங்க முடிவு பண்ணணுமா? நீயே சொல்லுடி. எரிச்சிடு. வெளிய தெரிஞ்சா அவன் இதை வெச்சே அடுத்த ரெண்டு வருஷம் ஆடுவான். நம்ம பக்கத்துக்கு இது கெட்ட பேரு."

நம்ம பக்கம். புத்தகத்தைப் பிடுங்க அவன் யார் என்று கேட்டவள். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதலில் பிடுங்கினவள் நான்தானே.

ஏப்ரல் 6, ஞாயிறு

லைலிடம் சொன்னேன். கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான், அதுவே பெரிய விஷயம். "நான் டுவெய்னுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். என் ஃப்ரீசர்லயே அவன் தோல்வியைப் பதுக்கி வெச்சிருக்கியா நீ?" என்றான். அப்புறம் சிரிக்காமல், "ஜெயில்ல போட்டுடுவாங்க, மார்னா. வாயை மூடிக்கிட்டு இரு."

எல்லாருமே வாயை மூடு என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

ஏப்ரல் 7, திங்கள்

உறைந்துபோன கட்டுகளை ரேமண்டின் மேஜையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதை நீங்க இங்க கொண்டு வராம இருந்திருக்கலாம்," என்றான் மெதுவாக. பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போன் செய்தான். சட்டையில் குத்தும் அடையாள அட்டையையும் வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுப் பெட்டிக்குள் யாரோ நாய்ப் பீயைப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஹெல்விக் அம்மாள் எலுமிச்சை கேக் செய்து கொண்டு வந்தாள். "நீ செஞ்சதை நாங்க மறக்கவே மாட்டோம்." கதவைச் சாத்திவிட்டேன். இரண்டில் கேக்தான் அதிகம் நாறியது.

கேக் கொடுக்கிறவளுக்கும் சரி, நாய்ப் பீ வைக்கிறவனுக்கும் சரி, தபாலைப் பற்றிக் கவலையே இல்லை. யார் தபால் என்பதுதான் கணக்கு. கிர்ஸ்டனின் நோட்டீஸை நான் இப்படிப் பதுக்கியிருந்தால் கேக் வேறு வீட்டிலிருந்து வந்திருக்கும்.

சாயங்காலம் டுவெய்னே வந்தான். வாசல்படி ஏறவில்லை. கெட்ட வார்த்தையோடு வந்திருப்பான் என்று தயாராக இருந்தேன்.

"அந்தக் கூட்டத்துல உன் ஒருத்தியைத்தான் நம்பினேன்," என்றான். "எங்கப்பா செத்தப்போ வந்த அத்தனை அனுதாபக் கார்டையும் நீ மழையில நனையாம கொண்டு வந்து குடுத்தே. இவ யார் பக்கம்னு ஒரு நாளும் நான் யோசிச்சதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். போகும்போது கிர்ஸ்டனைப் பற்றி ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினான். அவன் அப்படித்தான். எனக்கு அவனைப் பிடிக்காது, இனியும் பிடிக்காது. ஆனால் அவன் சொன்ன முதல் பாதியை என்னால் விழுங்க முடியவில்லை.

மே 20, செவ்வாய்

கிர்ஸ்டன் இப்போது வாரியச் செயலாளர். புது விதி கொண்டு வருகிறாள். கடந்த ஒரு வருஷத்தில் பள்ளி ஊழியரையோ வாரிய உறுப்பினரையோ பேச்சிலோ எழுத்திலோ அவமதித்தவர், ஒரு வருஷத்துக்கு வாரியக் கூட்டத்தில் பேசக் கூடாது. யாருக்காக என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கடையில் பார்த்தேன், கேட்டேன். "இது வேணாம் கிர்ஸ்டன்."

"நீ அதைச் சொல்லாத," என்றாள், கோபமே இல்லாமல். "நீ திருட்டுத்தனமா செஞ்சதை நான் முறையா, ஓட்டெடுத்து செய்றேன். அவ்வளவுதான்."

பால் வாங்க மறந்து திரும்பினேன். இவளுக்கு இந்த வழியைக் காட்டியதே நான். இத்தனை நாள் ஊரைப் பார்த்து வந்த குமட்டல் இன்று என்னைப் பார்த்தே வருகிறது.

ஜூன் 9, திங்கள்

பள்ளி ஜிம்மில் கூட்டம். பேசப் பெயர் கொடுத்தேன். முன் வரிசையில் டுவெய்ன் பக்கத்தில் மட்டும்தான் நாற்காலி காலி. உட்கார்ந்தேன்.

"என்ன, பக்கம் மாறிட்டியா?" என்று இளித்தான்.

"உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. பேசத்தான் வந்தேன். சும்மா இரு."

மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நான் செய்ததைச் சொன்னேன். அந்த நோட்டீஸ் கேவலம்தான், ஆனால் அது கேவலமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது முந்நூற்று எண்பது வீடு, ஃப்ரீசர் வைத்திருக்கிறவள் இல்லை என்றேன். கடைசியில் அவள் பக்கம் திரும்பினேன். "கிர்ஸ்டன், நீ பயந்துட்டே. பயந்தாங்கொள்ளி ஆயிட்டே நீ. என் பையனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவ இப்ப இருக்கிற நீ இல்ல." பின்னால் சில பேர் ஊளையிட்டார்கள், சில பேர் கைதட்டினார்கள். கைதட்டியது மீன் வறுவலில் ஜன்னல் பக்கம் உட்காரும் டுவெய்ன் ஆட்கள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஐந்துக்கு இரண்டு. விதி நிறைவேறியது. கிர்ஸ்டன்தான் முதலில் கை தூக்கினாள்.

ஜூலை 14, திங்கள்

தபாலைப் பதுக்கிய வழக்கில் போன வாரம் நீதிபதி ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்போடு என்னை விட்டார். லைல் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே மீன் வறுக்கிறான். கருக்கிவிடுகிறான், ஆனால் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம்.

இன்று வாரியத்திலிருந்து கடிதம். வாரிய உறுப்பினர் ஒருவரை ஜூன் 9 அன்று பேச்சில் அவமதித்ததால், ஒரு வருஷத்துக்கு எந்தக் கூட்டத்திலும் நான் பேசக் கூடாது. புது விதியில் மாட்டிய இரண்டாவது ஆள் நான். முதல் ஆள் டுவெய்ன். கீழே கிர்ஸ்டனின் கையெழுத்து, எரிக்கின் நோட்டில் பார்த்த அதே உருண்டை எழுத்து.

என் பழைய தடத்தில் இப்போது தபால் போடுவது ஒரு புதுப் பெண். உறையின் மேலேயே வாரியத்தின் பெயர் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கும் என்று ஊரே ஒரு வாரமாகப் பேசுகிறது, அவளுக்கும் தெரிந்திருக்கும். பெட்டியைத் திறக்கும்போது ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே வைத்து மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.