சுவரிலிருந்து முப்பது அடி

10 பிப்ரவரி 1964, திங்கள்

இன்று இன்டர் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. மேஜை விளிம்பிலிருந்து ஒரு குண்டைக் கிடையாகத் தட்டிவிட வேண்டும். அதே நொடியில் இன்னொன்றை நேராகக் கீழே விட வேண்டும். ஒன்று தூரத்தில் விழும், மற்றது காலடியில். ஆனால் சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும். பக்கவாட்டு வேகம் எவ்வளவு இருந்தாலும் விழும் நேரம் மாறாது. ஏழு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் போனபின் லேப் அட்டெண்டர் செல்லப்பாண்டி நின்றுகொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, ஒரு ஆளு உசரத்துலருந்து வழுக்கி விழுந்தா, சுவர விட்டு எம்புட்டு தள்ளிக் கெடப்பான்?"

போன மாதம் பத்து நாள் லீவு எடுத்திருந்தார். ஏனென்று நான் கேட்கவே இல்லை. அவருடைய தங்கை பேராச்சியின் புருஷன் பூலோகம், செம்பூரில் ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கிறான். வீட்டுச் சண்டையில் மனமுடைந்து குதித்துவிட்டான் என்கிறது கம்பெனி. வழுக்கியிருந்தால் சுவரோரமாகக் கிடந்திருப்பானே என்கிறார்களாம்.

"அவுக சொல்லுறது நெசமா, பொய்யா? அது மட்டும் சொல்லுங்க."

11 பிப்ரவரி

உடல் கிடந்த இடத்தை அளந்து போலீஸ் எழுதிய பஞ்சநாமாவின் நகலைச் செல்லப்பாண்டி கொண்டுவந்தார். சாரம் 64 அடி உயரம். உடல் கிடந்தது சுவரிலிருந்து 30 அடியில்.

64 அடி விழ இரண்டு வினாடி. இரண்டு வினாடியில் 30 அடி என்றால், சாரப் பலகையை விட்டபோதே வினாடிக்கு 15 அடி வேகம் இருந்திருக்க வேண்டும்.

வழுக்கியவன் நாலைந்து அடிக்குள் கிடப்பான். அதுவரை கம்பெனி சொல்வது சரி. குதித்தவன்? நின்ற இடத்திலிருந்து குதித்தால் மிஞ்சிப்போனால் வினாடிக்கு ஒன்பது அடி. மேல்நோக்கி எம்பியதையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன், 22 அடியைத் தாண்டவில்லை. ஓடிவந்து குதிக்க இடமில்லை. பலகை ஒன்றரை அடி அகலம், பின்னால் இடுப்பளவு எழும்பிய சுவர்.

வழுக்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை. ஏதோ அவனை அடித்துத் தள்ளியிருக்கிறது.

இந்தக் கணக்கில் எடைகூட வராது. யாராக இருந்தாலும் ஒரே விடைதான்.

கம்பெனியின் பெயரைக் கடைசியில்தான் பார்த்தேன். தம்பி ஜம்பு வேலை பார்க்கும் கம்பெனி.

16 பிப்ரவரி, ஞாயிறு

செல்லப்பாண்டியோடு தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். இத்தனை வருஷத்தில் இன்றுதான் உள்ளே போகிறேன்.

பேராச்சிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மடியில் பெண் குழந்தை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு காலையில நான் ஏசிட்டேன். பிள்ளைக்கு மருந்து வாங்காம வந்துட்டாகன்னு. ஒண்ணும் சாப்பிடாமப் போனாக. எம்மேல உள்ள கோவத்துலதான் குதிச்சாகளா?"

"இல்லை. அவர் குதிக்கலை."

"படிச்சவுக... என் மனசு ஆறட்டும்னு சொல்லுதீகளா?"

"யாருக்காகவும் கணக்கை மாத்த முடியாதும்மா."

நம்பவில்லை.

2 மார்ச்

பேராச்சியின் நஷ்டஈட்டு வழக்கில் சாட்சி சொல்ல யூனியன் வக்கீல் என்னைக் கூப்பிடுகிறார். ஜம்புவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான்.

"நீ அங்க போய் நின்னா, மறுநாள் நான் தெருவுல நிக்கணும். செத்தவன் திரும்பி வரப்போறானா அக்கா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பேசாம இருன்னுதான் சொல்றேன்."

அம்மா அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் சம்பளத்திலதான் பாதி வீடு ஓடறது. நான் என்னமோ பெரிய நியாயம் பேசறவ மாதிரி — அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்க்காம இருந்திருந்தா பேசாமத்தான் இருந்திருப்பேனோ? தெரியலை.

5 மார்ச்

வருகிறேன் என்று வக்கீலுக்கு எழுதிவிட்டேன்.

19 மார்ச், வியாழன்

விசாரணை. இரண்டு வினாடி, பதினைந்து அடி, எல்லாம் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் கேட்டார்: "மனிதன் என்ன இரும்புக் குண்டா, அம்மா? காற்று தள்ளியிருக்கக் கூடாதா?"

"இரண்டு வினாடியில் ஓர் ஆளை அவ்வளவு தூரம் தள்ளும் காற்று அடித்திருந்தால், அன்று செம்பூரில் ஒரு கூரையும் மிஞ்சியிருக்காது."

"சரி, யார் தள்ளினார்கள் என்று உங்கள் கணக்கு சொல்லுமா?"

"சொல்லாது. தானாகப் போகவில்லை என்று மட்டும்தான் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பின் பெஞ்சில் கிரேன் ஓட்டுகிற நாகூர் மீரான், கம்பெனியின் சாட்சியாக வந்தவர், தலை நிமிரவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் சொன்ன பதினைந்து அடி யாரையோ சுட்டத்தான் செய்கிறது. அது கம்பெனியாக இருக்காது. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு மனுஷனாக இருக்கும்.

3 ஏப்ரல்

இன்று விசாரணையில் மீரான் உண்மையைச் சொல்லிவிட்டார். யாரும் மிரட்டவில்லை, தானாகவே எழுந்து நின்றார்.

"கிரேன்ல தொங்குன கான்கிரீட் வாளி வீசிடுச்சு ஸாப். வடத்த மாத்தணும்னு ரெண்டு தடவ சொன்னேன். ஓட்டு, ஓட்டுன்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு. அது சுவருக்கு மேலால வந்து அவர் முதுகுல அடிச்சத நான் பார்த்தேன். வாயத் தொறந்தா நீதான் உள்ள போவேன்னாங்க. மூணு மாசமா எனக்குச் சோறு எறங்கல."

வெளியே வந்ததும் பேராச்சி முன்னால் போய் நின்றார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவரை ஏசவில்லை. அழவும் இல்லை. "முதுகுலயா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா தாயி, அவருக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் மீரான்.

22 ஜூன், திங்கள்

கல்லூரி திறந்தது. நல்ல மழை, ரயில்கள் தாமதம்.

மே மாதமே ஜம்புவைப் பரோடா ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்காது. அம்மா படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறாள், நானும் எடுத்துப் படிக்கிறேன்.

போன வாரம் தீர்ப்பு வந்தது: வேலையின்போது நேர்ந்த விபத்து, தவறு கம்பெனியுடையது. மீரான்மேல் வழக்கு இல்லை. ஆனால் வேலையும் இல்லை.

செல்லப்பாண்டி ஈரக் குடையோடு லேபுக்குள் வந்தார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இத்தன மாசமா அவுகளப் பத்தி ஒரு வார்த்த பேசல, டீச்சரம்மா. நேத்து மழையில கூர ஒழுகிச்சு. சட்டியத் தூக்கி வச்சிக்கிட்டே, 'தகரத்த மாத்துங்க, மாத்துங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாரா அந்த மனுசன்'ன்னு ஒரே ஏச்சு."

"அழுதாளா?"

"அழுகல. அவுக உசுரோட இருந்தப்ப ஏசுவாள்ல, அதே மாதிரி ஏசினா."