இரண்டு பேர் மொழி

மார்ச் 4

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மறுபடி ரிப்பேர். சும்மா உட்காரப் பிடிக்காமல் மூத்தவனின் போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். பாதியில் நின்றிருந்த பாட்காஸ்ட் ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. மொழியியலாம். குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று ஒரு பேராசிரியை சொல்லிக்கொண்டு போகிறார். இவனுக்கு எதற்கு இதெல்லாம்? இலக்கண வகுப்பென்றால் வயிற்றுவலி வரும் ஆசாமி.

என்னைவிடச் சில நிமிடம் முன்னால் பிறந்ததற்கே 'மூத்தவன்' என்று ஆயுள் முழுக்க அலட்டினான். போவதிலும் முந்திக்கொண்டான், ஜனவரியில்.

மார்ச் 9

பேராசிரியை பழகிவிட்டார். விசிலடித்தே மலைக்கு மலை பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம். பிரேம் பொருத்துகிறவர், "என்னம்மா, பரீட்சை எழுதப் போறியா?" என்றார். "ஆமாண்ணே, பாஸானா கடைய எழுதி வாங்கித் தர்றீங்களா?" என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து மிச்ச லென்ஸ்களைத் தேய்த்தேன்.

மார்ச் 15

அவன் ஏன் இதைக் கேட்டான் என்று இன்று தெரிந்தது. அடுத்துக் கேட்பதற்காக எடுத்து வைத்திருந்த பகுதி: இரட்டையரின் தனிமொழி.

எங்களுக்கும் ஒன்று இருந்தது. வாய் திறந்த நாளிலிருந்து கடைசி வரை. வளர்ந்த பிறகு வெளியாட்கள் முன்னால் பேசுவதில்லை, அவ்வளவுதான். போனில் பேசுவோம். அம்மா கோபமாக இருந்தால் அவள் எதிரிலேயே பேசுவோம்.

இன்னும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 16

கடைசியாக அவன் என்னதான் சொன்னான்? நான் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். "ஏதோ பேசினாருங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்றாள் நர்ஸ். பக்கத்திலேயே இருந்த அம்மா, "உளறினான்" என்று முடித்துவிட்டாள்.

உளறலா? அது எங்கள் பேச்சு. உலகத்தில் ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கும். அவள் அப்போது அலமாரி முன்னால் நின்று சட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20

கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

அது பெரும்பாலும் தனிமொழியே இல்லையாம். வீட்டில் காதில் விழுவதைத்தான் இரண்டு குழந்தைகளும் உடைத்துக் குதப்பி, ஒன்றிடமிருந்து ஒன்று பிடித்துக்கொள்கின்றனவாம். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் மறைந்தும் விடுமாம். எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள் மகராசி! அப்போ நாங்க இத்தனை வருஷம் பேசினது என்ன? மழலையா? சாகிறப்ப அவன் பேசினதுக்கு மொழின்னுகூட பேர் கிடையாதா?

போனைக் கட்டிலில் எறிந்தேன்.

மார்ச் 21

சமையலறையில் தனியாகப் பேசிப் பார்த்தேன். சில வார்த்தைகள் வரவே இல்லை. மறந்தால் அவனிடம்தானே கேட்பேன் — இனி யாரிடம் கேட்பது? எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 23

மாலையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றாமையில் அவளிடமே கொட்டினேன். "நாங்க பேசினது மொழியே இல்லையாம்மா. வீட்டுல பேசறதத்தான் கடிச்சுத் துப்பினோமாம்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பேசறதுதான். எல்லாம் புரியும். என்னைப் பிசாசுன்னது உட்பட."

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"சொன்னா என் எதிர்ல பேசறத நிறுத்திடுவீங்களே."

அப்படியென்றால் — கேட்டுவிட்டேன்: அன்றைக்கு என்ன சொன்னான்?

ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "கண்ணு தெரியல அவனுக்கு. நான் கையப் பிடிச்சதும் நீதான்னு நெனச்சுட்டான். ரொம்ப வலிக்குது, அம்மாகிட்ட சொல்லிடாதன்னான்."

"உளறினான்னு சொன்னியே!"

"என்கிட்ட சொல்ல வேணாம்னு உன்கிட்டதானே சொன்னான். அத நான் கேட்டுட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

துண்டை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். "நீ என்னம்மா சொன்ன அவன்கிட்ட?"

"சொல்லமாட்டேன்னேன். உங்க பேச்சுலயே."

அதை ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னேன். சொன்னாள். ஒரு பிசகும் இல்லை.