பிறின்சிக்கு இரண்டு பள்ளிக்கூடம்

சின்னக்கடை, மன்னார்
14.09.2025

றெபேக்காவுக்கு,

இந்த மாதம் மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் நான் கத்தினேன், நீர் வைத்துவிட்டீர். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசியும்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்ததற்குப் பிறின்சியை ஒன்றும் சொல்ல வேண்டாம். நாங்கள் பிரிந்த பிறகும் அந்தப் பிள்ளை அவ்வளவு எடுத்ததே பெரிது. ஆனால் ஆறாம் வகுப்புக்கும் அவளைப் பேசாலையிலேயே விட எனக்கு மனமில்லை. இங்கே டவுனில் ஆங்கிலத்தில் படிப்பிக்கிற தனியார் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. முந்தநாள் எஞ்சின் திருத்துகிற கடையை அரைநாள் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்தான். வாசலில் இரண்டு கழுதை படுத்திருந்தது உண்மை. உள்ளே நல்ல ஆய்வுகூடம் இருக்கிறது. கிழமை நாட்களில் என்னோடு இருக்கட்டும். வெள்ளி பின்னேரம் கொண்டுவந்து விடுகிறேன்.

அவளிடமும் கேட்டேன். "எனக்கு நல்ல விருப்பம் அப்பா" என்றாள். அவளே சொன்ன பிறகு நீர் மறிக்கமாட்டீர் என்று நம்புகிறேன்.

எமில்

*

பேசாலை
20.09.2025

பிறின்சியின் அப்பாவுக்கு,

கடைசிவரை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். கோபம் இரண்டு தரமும் வந்தது.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடுவதற்குப் பிள்ளை என்ன, திருத்தக் கொடுத்த எஞ்சினா? என்னோடு முன்பள்ளியில் படிப்பிக்கிற றிப்காவின் மகன் ஷிஹாப் நீங்கள் சொல்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். இந்த ஒரு வருடத்தில் இங்கிலீஷ் ரீச்சர் மூன்று பேர் மாறிவிட்டார்களாம். விளையாட ஒரு துண்டு நிலம் இல்லை. நீங்கள் ஆய்வுகூடம் பார்த்தீர்கள். மலசலகூடம் பார்த்தீர்களா? பெண்பிள்ளை படிக்கப் போகிற இடத்தில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. சிஸ்டர்மார் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பம் எடுத்து வந்திருக்கிறேன். அதற்கும் காசு கட்டத்தான் வேண்டும். ஆனால் வான் காலையில் எங்கள் சந்திக்கே வரும். பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள், என் கண்ணுக்கு முன்னால் இருப்பாள்.

விருப்பம் என்று உங்களிடம் சொன்னாளா? என்னிடம் நேற்று வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, எனக்கு சிஸ்டர்மாரின்ட பள்ளிக்கூடம்தான் வேணும்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் மாறவில்லை என்று பிள்ளை சொன்னாள்.

றெபேக்கா

*

மன்னார்
28.09.2025

றெபேக்காவுக்கு,

நீர் சொல்லிக் கொடுத்ததை அவள் திருப்பிச் சொல்லியிருப்பாள். என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தவன் நான்.

மலசலகூடம் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மோசமில்லை.

இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு இடத்திலும் இடம் முடிந்துவிடும். இரண்டு பள்ளிக்கூடத்துச் சோதனையையும் எழுதட்டும். எது எடுக்கிறதோ அது. இரண்டும் எடுத்தால் அதற்குப் பிறகு சண்டை பிடிப்போம். இதற்கு மேல் நான் என்னத்தை விட்டுக்கொடுக்க?

இருமல் குறைவு.

எமில்

*

பேசாலை
19.10.2025

எமிலுக்கு,

இரண்டும் எடுக்கவில்லை.

உங்கள் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு ஒன்பது. சிஸ்டர்மாரிடம் கணக்குத் தாள் வெறும் தாளாகவே கிடந்ததாம். "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று சிஸ்டர் கேட்டார். வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வருகிறவள், வகுத்தலும் பெருக்கலும் தெரியாமலா இருந்தாள்?

அவளுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? சிஸ்டர்மாரிடம் பாஸ் பண்ணினால் அப்பா வரமாட்டேன் என்று சொன்னீர்களா? நான் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கொப்பியில் கோடு கீறுகிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு இருந்து அழுதேன். எனக்குக் களைத்துவிட்டது எமில். இரண்டு பெரிய ஆட்கள் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கத் தெரியாமல் நிற்கிறோம்.

றெபேக்கா

*

மன்னார்
26.10.2025

றெபேக்கா,

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்னை மரியாள் மேல் ஆணை. நீர்தான் வெருட்டியிருப்பீர் என்று நினைத்து உமக்குப் பொல்லாத கடிதம் ஒன்று எழுதினேன். நல்லகாலம், அனுப்பமுதல் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த ஆசிரியர் தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். முழுக்க எழுதியிருக்கிறாள். முழுக்கச் சரி. மூன்று நான்கு விடையைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் அழிரப்பரால் அழித்திருக்கிறாள். தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும் இருக்கிறது. "இப்பிடி ஒரு பிள்ளையை நான் காணேல்லை" என்றார் அவர்.

நான் கேட்டால் சொல்லமாட்டாள். நீர் கேளும். ஏசாமல் கேளும்.

எமில்

*

பேசாலை
02.11.2025

எமிலுக்கு,

கேட்டேன். பூசை முடிந்து வரும்போது கடற்கரைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் மகள் அழிச்சனீ?"

"பாஸ் பண்ணினா முடிஞ்சிடும்."

"என்ன முடியும்?"

"நீங்களும் அப்பாவும் எழுதுறது. முந்தி ஒரு சொல்லும் கதைக்கேல்லைத்தானே. பள்ளிக்கூட விசயம் வந்தாப் பிறகுதான் எழுதுறியள். சோதனை நடக்கேக்கை வெளியில ஒரே வாங்கில ஒண்டா இருந்தனீங்கள். ஜன்னலுக்கால பாத்தனான். பள்ளிக்கூடம் கிடைச்சுதெண்டா பேந்து என்னத்துக்கு எழுதப் போறியள்?"

இரண்டு பேரிடமும் விருப்பம் என்று சொன்னதும் அதற்குத்தான். ஒருவருக்கு இல்லை என்றால் மற்றவரின் பக்கம் முடிவாகிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு உங்கள்மேல். பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டேன்.

எமில், நான் திரும்பி வரப்போவதில்லை. உங்களுக்கும் அது தெரியும். நீங்களும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததை அவளுக்கு மட்டும் நாங்கள் சொல்லாமல் விட்டோம். "அப்பாவுக்கு வேலை கூட" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது. வருகிற ஞாயிறு வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

றெபேக்கா

*

மன்னார்
16.11.2025

அன்புள்ள றெபேக்கா,

போன ஞாயிறு உம்முடைய வீட்டில் சரியாகக் கதைக்க முடியவில்லை. பஸ்ஸிலும் எனக்கு யோசனை ஒன்றும் ஓடவில்லை. பேசாலையில் ஏறியதுதான் தெரியும், டவுனில் கொண்டக்டர் தட்டி எழுப்புகிற மாதிரிக் கூப்பிட்டார்.

நாங்கள் சொன்னபோது அவள் அழுவாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்" என்றுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் பாரும், அதுதான் என்னை அறுத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். நீர் தேத்தண்ணி ஊற்றி வைத்தீர், இரண்டு பேரும் குடிக்கவில்லை.

கதவைத் திறந்து வந்து அவள் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடம் என்றபோது எனக்குக் கசந்தது. மறைக்கவில்லை. ஆனால் ஏன் என்று கேட்டதற்கு, "அங்க வலைப்பந்து ரீம் இருக்கு" என்றாளே! நானும் நீரும் இரண்டு மாதமாக மலசலகூடம் முதல் வான்வரை பார்த்தோம். பிள்ளை பந்து விளையாடுவாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

சிஸ்டர் திரும்பச் சோதனை வைக்க ஒத்துக்கொண்டது பெரிய காரியம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல அவள் போன் எடுத்தாள். எண்பத்தாறு என்றாள். பிறகு கேட்டாள்: "பெற்றோர் கூட்டத்துக்கு ஆர் வருவியள்?"

"ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டேன். உம்மைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியும்.

இனி எங்களுக்குள் எழுதுவதற்கு அதிகம் இராது. போனில் கத்தாமல் கதைக்கப் பழகுகிறேன். முதல் கூட்டம் ஜனவரியில் என்று அவள் சொன்னாள். திகதி தெரிந்தால் சொல்லும். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டியதில்லை. அவள் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு பேரும் தெரிகிற மாதிரி ஒரே வரிசையில் இருப்போம்.

எமில்