மடத்துக்குப் போன ஹெரால்டு

பழவேற்காடு
14.1.2024

அன்புத் தங்கை கோமளாவுக்கு,

அண்ணன் சாம் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உங்கள் கன்னியர் மடத்தில் போன் கிடையாது என்பதைத் திட்டிக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். இந்தச் சேதியைக் கத்திச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. நம் வீட்டுக்குக் கார் வந்திருக்கிறது. பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதுவும் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடுகிற வகை.

பொன்னேரியில் வேதாசலம் டாக்டர் தன் வீட்டை இடிக்கிறார். கொட்டகையில் கிடந்த வண்டியை எடைக்குப் போடுவதாக இருந்தார். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் போன நான் வாயைப் பிளந்து நின்றதைக் கண்டு, "எடுத்துக்கினு போறியாப்பா?" என்றார். மீன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். தெருவே கூடிவிட்டது. அம்மா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாடா இது, அடியெல்லாம் ஓட்டை. நண்டு பூந்து வெளிய வரும்போல கீது" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அடித்தகட்டைத் துரு தின்றிருக்கிறது. கூரைக்குத் துணியே இல்லை, வெறும் கம்பிச் சட்டம். என்ஜின் இறுகிக் கிடக்கிறது. ஆனால் கோமளா, அதன் மூக்கு முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கிறது. முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அப்பாவின் படகு என்ஜின் பட்டறையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றோம். கை என்னுடையது, பழுதைக் கேட்டே சொல்லும் காது உன்னுடையது. நீ இங்கே இருக்க வேண்டிய நேரம் இது.

ஜூலையில் உனக்குத் துறவறத்துக்கான இறுதி வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் மடத்தை விட்டு வெளியே வரமாட்டாய் என்பதை அம்மாவிடம் விளக்கிச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஜூலைக்குள் வண்டி ஓடும். அதில் வந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வருவேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

உன் அண்ணன்,
சாம்


கார்மேல் மடம்
2.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கே வந்ததிலிருந்து ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவன், ஒரு கார் வந்ததும் மூன்று பக்கம் எழுதுகிறாய். இருக்கட்டும். காருக்கு நன்றி.

எங்களுக்கு வரும் கடிதங்களை மடத்துத் தலைமைத் தாயார் முதலில் படிப்பார். இம்முறை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ஜின் இறுகிக் கிடந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் பேசி இளைப்பாறும் நேரத்தில் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். நடக்க முடியாத மூத்த சகோதரி பெர்னதெத்துக்கு நண்டு கதை கேட்டுச் சிரிப்பு அடங்கவில்லை.

கம்பியைப் போட்டு நெம்பிவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்று. ஊறட்டும். பிறகு கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டு.

வீட்டுக்கு அழைத்து வருவேன் என்று நீ எழுதியிருந்ததையும் தாயார் படித்தார். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
கோமளா


பழவேற்காடு
28.4.2024

அன்புத் தங்கைக்கு,

ஓடிவிட்டது. என்ஜின் ஓடிவிட்டது.

நீ சொன்னபடியே ஊறப்போட்டேன். சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தபோது உள்ளே எதுவோ மனசு மாறினதுபோல இளகியது. அப்புறம் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, வயரெல்லாம் புதிதாக இழுத்து, நேற்றுக் காலையில் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அம்மா இறால் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இப்போது மீன்பிடித் தடைக்காலம், கடல் படகெல்லாம் கரையில். ரிப்பேர் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. அப்படியும் படகுக்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் என்ஜினைப் பற்றிப் பேசுகிறார்கள். அடித்தகடு முழுவதும் புதிதாக வெட்டி வெல்டிங் வைத்தாகிவிட்டது.

கூரைதான் பெரிய வேலை. எளாவூரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை இருக்கிறது. அதை நடத்துகிற ஜமுனா வந்து கம்பிச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லாரித் துணி இதுக்கு ஆவாது. மடிச்சி மடிச்சி விரிச்சா கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டாள். மெல்லிய கான்வாஸ் தேடிக் கொண்டுவந்தாள். நான் கறுப்பு என்று நினைத்திருந்தேன், அவள் கருஞ்சிவப்பு என்றாள். கருஞ்சிவப்புதான் சரி. அளவு எடுக்க வந்தாள், அளவைச் சரிபார்க்க வந்தாள், மூலை மடிப்பு எப்படி வரும் என்று பார்க்க வந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு எங்கே போகிறாய் என்று அவளுடைய அப்பா, அவள் நைனா என்கிறவர், திட்டுகிறாராம். அம்மா அவளுக்கு நண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புகிறாள்.

வண்டி சூடானதும் கொஞ்சம் திணறுகிறது. ஏன் என்று யோசித்துச் சொல். துணியெல்லாம் மூட்டை கட்டி வை.

சாம்


கார்மேல் மடம்
20.5.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் வரியைப் படித்ததுமே இங்கே எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். மௌன நேரத்துக்கு மணி அடித்தும் அடங்கவில்லை.

சூடானதும் திணறினால், பெட்ரோல் குழாய் என்ஜினை ஒட்டிப் போகிறதா என்று பார். உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். சற்றுத் தள்ளிக் கட்டு. வண்டியைப் பற்றி இவ்வளவுதான். உன் கடிதத்தில் பாதி ஜமுனாவாக இருக்கிறாளே, அதை நீ கவனித்தாயா? தாயார் கவனித்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் கோபித்துக்கொண்டு இங்கே வரவில்லை. நம் வீட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. நான் இங்கே வாடிக்கொண்டிருப்பதாக நீயாக நினைத்துக்கொள்கிறாய். வந்து பார்க்காத வரைக்கும் அப்படித்தான் நினைப்பாய்.

வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டு வா. விறகு லாரி வரும் பெரிய கதவைத் திறந்துவிட தாயார் சம்மதித்துவிட்டார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழைத்து வா. எதற்காக வருகிறோம் என்பதை நீயும் யோசித்துக்கொண்டு வா.

கோமளா


பழவேற்காடு
21.7.2024

அன்புத் தங்கைக்கு,

உன்னிடம் நேரில் சொல்லாததை எழுதுகிறேன். மடத்துக்கு வந்த அன்றைக்கு வண்டியின் டிக்கியில் உனக்குப் புது சுடிதார் ஒன்று வைத்திருந்தேன். கதவு திறந்திருக்கும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஏறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. "கூரை புதுசு, நானில்லாம மடக்காத" என்று கூடவே வந்த ஜமுனாவுக்குத் தெரியும். அவள் வழி நெடுக என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ கேட்டதும் சாவியைக் கொடுத்தேன். பெர்னதெத் சகோதரியை இரண்டு பேர் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்சீட்டில் தாயார். தென்னைமரங்களைச் சுற்றி நீ வண்டியை ஓட்டினாய், முக்காடு காற்றில் பறந்தது, சகோதரிகள் பின்னாலேயே ஓடினார்கள். நான் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்துதான் இருந்தது. இதோ திருப்பப் போகிறாள் என்று நினைத்தேன். நீ நேராக மடத்துக் கோயில் வாசலுக்குப் போய் நிறுத்தினாய். சாவியை என் கையில் வைத்து, "சைலன்ஸர்ல ஓட்ட கீது, ஊருக்குப் போறதுக்குள்ள பாத்துக்கோ" என்றாய். சிரித்தபடியே உள்ளே போனாய். அந்த முகத்தை நம் வீட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. டிக்கியை நான் திறக்கவே இல்லை.

மறுநாள் கோயிலில் சகோதரிகளைப் பிரிக்கும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ வார்த்தைப்பாடு சொன்னபோது அம்மா அழுதாள். வெளியே வந்ததும், "கொரலு நடுங்கவே இல்ல பாத்தியா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

திரும்பும் வழியில் செங்குன்றம் தாண்டியதும் பேய்மழை. கூரை பாதி வந்து மாட்டிக்கொண்டது. ஓடுகிற வண்டியில் ஜமுனா சீட்டின் மேல் ஏறி நின்று இழுக்கிறாள், நான் ஒரு கையால் பிடிக்கிறேன். மூன்று பேரும் தொப்பல். பின்சீட்டில் அம்மா மழையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரிக்கிறாள். கூரை மாட்டியதும் ஜமுனா மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னாள்: "எத்தினி நாளிக்கிதான் அளவு எடுக்க வர்றது? நீயே வந்து நைனாகிட்ட பேசு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போகிறேன். எங்களுக்காக ஜெபம் பண்ணு. தாயாரையும் பண்ணச் சொல்.

கோமளா, இனி உன்னை அழைத்து வர நான் வரமாட்டேன். பார்க்க வருவேன். அடிக்கடி வருவேன்.

உன் அண்ணன்,
சாம்