நாம் எழுதிய சுப்பையா

என் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய தம்பி அருளுக்கு,

வருகிற வியாழக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன் மனைவி தேவாலயத்தில் பூசைக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் செய்தி அனுப்பினாள், கட்டாயம் வருவேன். அதற்குள் உன்னிடம் சொல்ல நல்ல செய்தியாக நாலு சேர்த்து வைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் உன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் புவியியல் பையனைப் பற்றி, மூன்றாம் முறையாகப் பழுதான நம் அச்சு இயந்திரத்தைப் பற்றி. இப்போது எதையும் சொல்லத் தோன்றவில்லை. சுப்பையா திரும்பி வந்துவிட்டான், அருள்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள், உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தேக்கா சந்தையில், நீயும் நானும் தே தாரே என்கிற நுரைத் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு வரலாற்றுப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஐந்து ஆதாரங்களைக் கொடுத்து, இதை யார் எழுதினார், எதற்காக எழுதினார், எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிற தாள். தலைப்பு, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள். நாலு ஆதாரம் கையில் இருந்தது. அதிகாரி எழுதியது, சிப்பாய் எழுதியது, பத்திரிகைத் துண்டு ஒன்று, கேலிச்சித்திரம் ஒன்று. "நம்ம ஆளுங்க குரல் ஒண்ணுகூட இல்லியேக்கா" என்றாய். தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நமக்குத் தேட நேரமில்லை, அவ்வளவுதான்.

"நாமளே ஒண்ணு எழுதிருவோம்க்கா."

"டேய், உனக்குக் கிறுக்கா? வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"பயிற்சித்தாள்தானே லா. யாரு பாக்கப் போறா?"

நான் எவ்வளவு நேரம் மறுத்தேன்? என் கோப்பையில் தேநீர் ஆறும்வரைகூட இல்லை. நீ நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தாய். ஒரு தமிழ்த் தொழிலாளியின் நாட்குறிப்பு. சுப்பையா என்று பேர் கொடுத்தவள் நான். ஜோகூர் ரப்பர் தோட்டத்து ஆள் என்று சொன்னவளும் நான். சட்டை மடிப்புக்குள் உப்பை ஒளித்து வைத்து வேலைக்குப் போனான் என்ற வரியும் என்னுடையது, அதைக் கேட்டு நீ மேசையில் தட்டினாய். கடைசிக் குறிப்புக்குத் தேதி வேண்டும் என்றபோது, அன்றைய தேதியையே போட்டு வருடத்தை மட்டும் மாற்றினாய். மேலே, தமிழிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நமக்கு எவ்வளவு பெருமை அன்றைக்கு!

அது அந்தத் தாளோடு செத்திருக்க வேண்டும். மறு வருடம் அதையே பிரிலிம் என்கிற பள்ளி முன்தேர்வில் வைத்தாய். பிரிலிம் தாள் ஒரு பள்ளியோடு நிற்குமா? ஓ லெவல் இறுதித் தேர்வு நெருங்கினால் எல்லாப் பள்ளித் தாளும் எல்லாப் பிள்ளைகள் கைக்கும் வந்துவிடுகிற ஊர் இது. பத்துப் பள்ளியின் தாளைக் கட்டாகக் கட்டிவைத்துப் போட்டுப் பார்க்காத பிள்ளை உண்டா? இரண்டு வருடத்தில் இன்னொரு பள்ளியின் தாளில் சுப்பையாவைப் பார்த்தோம். அப்புறம் ஒரு துணைப்பாட நிலையத்தின் குறிப்பேட்டில். அதைக் காட்டி நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தக் குறிப்பேட்டை இரண்டாம் முறை படித்தபோது நீ சிரிக்கவில்லை. "அக்கா, இத நான் எழுதலியே" என்றாய். நம் சுப்பையாவுக்குக் காய்ச்சல் மட்டும்தான். அதில் அவனுக்குக் காலரா, பக்கத்துப் பாயில் படுத்திருந்த நண்பனைத் தன் கையால் புதைக்கிறான். யாரோ, நம்மைப் போல நேரமில்லாத ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்.

"ஓ லெவல் முடியட்டும்க்கா. நானே எல்லாருக்கும் மெயில் போட்டுச் சொல்லிடுறேன்" என்றாய். இந்த ஊரில் எதைத்தான் நாம் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடவில்லை? போன வருடம் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாயே, மருத்துவரிடம் போடா என்று கத்தினேனே, அப்போதும் "பேப்பர் திருத்தி முடியட்டும்" என்றுதானே சொன்னாய்? பாவி, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வருடம் ஜூலை மாதம் ஹரிணி ஆசிரியர் அறைக்கு வந்தாள். என் உயர்நிலை நான்கு வகுப்பில் இரண்டாம் வரிசை. வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம். மூன்று தாள்களை மேசையில் பரப்பினாள். நம் பழைய பிரிலிம், மற்றப் பள்ளியின் தாள், துணைப்பாடக் குறிப்பேடு.

"மிஸ், மூணு வேற வேற எடத்துல இருக்கு, மூணும் மேட்ச் ஆவுது. ஸோ ரிலையபிள்தானே?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஓர் இடத்தில் கண்டதை நம்பாதே, இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார் என்று இருபத்தெட்டு வருடமாகக் கத்துகிறவள் நான்தானே. அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்தது. மூன்றும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் பிறந்தவை என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா செஞ்சிருக்கம்மா" என்றேன்.

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், இது எங்க தாத்தாவோட அப்பா."

அவள் தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா பேர் சுப்பையா. ஜோகூரில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை, இவர் கைக்குழந்தையாக இருந்தபோது சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவில்லை. தோட்டத்துக்கு நாலு சுப்பையா இருந்திருப்பான், அருள். ஆனால் ஹரிணி வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம். பிறகு இன்னொரு தடவை.

செத்த நாள் தெரியாதவர்களுக்குச் செய்கிற மாதிரி, இத்தனை வருடமும் அவர் அமாவாசையில்தான் அப்பாவுக்குப் படைத்துவந்திருக்கிறார். இப்போது நாட்குறிப்பு நின்றுபோன அந்தக் கடைசித் தேதியையே செத்த நாளாக எடுத்துக்கொண்டு கோவில் ஐயரிடம் போயிருக்கிறார். ஐயரும் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். நாம் தே தாரே குடித்த நாள், அருள். அது ஒரு மனிதருக்குத் தகப்பனின் திதி ஆகிவிட்டது.

"தாத்தா உங்கள அவசியம் கூப்பிடச் சொன்னாரு மிஸ்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அவர்கள் வீடு இருக்கிற பொங்கோலுக்குப் போனேன். நம்பு. ரயிலில் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது. வாழை இலையில் சோறு, வடை, பாயசம். சுப்பையாவின் புகைப்படம் அவர்களிடம் இல்லை. அந்த இடத்தில் நம் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு நிறுத்தி, மாலை போட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே கேள்வி அப்படியே இருந்தது. இந்த ஆதாரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? எட்டு மதிப்பெண்.

"வாங்க டீச்சர்" என்று பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதும்மா. எங்கம்மா ஒரு வார்த்த சொன்னதில்ல. இந்த வயசுலதான் தெரிஞ்சுது. பேத்தி இங்கிலீஷ்ல படிச்சா பாதிதான் வெளங்குது. நீங்க தமிழ்ல படிங்க."

படித்தேன். தமிழில் எழுதப்படாத ஒன்றை, தமிழிலிருந்து மொழிபெயர்த்ததாக நாம் பொய் சொன்ன ஒன்றை, நின்ற இடத்திலேயே தமிழாக்கிப் படித்தேன். சட்டை மடிப்பில் உப்பு வந்த இடத்தில் என் குரல் உடைந்தது. அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். படித்து முடித்ததும் பெரியவர் கேட்டார்.

"புள்ளயப் பத்தி ஏதாச்சும் எழுதிருக்காராம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எழுதியிருக்காருங்கய்யா. கைப்புள்ளய நெனச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வருதுன்னு எழுதியிருக்காரு" என்று வந்தது. பெரியவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மருமகள் சமையலறைக்குள் போய் அழுதாள். நான் அங்கேயே நின்றேன். யாரோ வரி சேர்க்கிறார்கள் என்று பயந்தோமே, இப்போது நானும் சேர்த்துவிட்டேன்.

மின்தூக்கி வரைக்கும் ஹரிணி பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், அந்த லைன் என்கிட்ட இருக்குற மூணுலயும் இல்லியே. எந்த வெர்ஷன்?"

"பழைய தாள் ஒண்ணுலம்மா."

"அனுப்புறீங்களா? தாத்தா ஒரிஜினல பாக்கணுமாம். அவங்க அப்பா கையெழுத்த ஒரு தடவ தொட்டுப் பாத்தா போதுமாம்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

போன வாரம் அவள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கேள்வி கேட்டால் பதில் எழுதித் தருகிற செயலி ஒன்றில் சுப்பையாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். கைக்குழந்தையை நினைத்தால்தான் தூக்கம் வருகிறது என்று சயாம் முகாமில் ஒரு தமிழர் எழுதினார் என்கிறது அது. "பாத்தீங்களா மிஸ், நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க!" என் வாயிலிருந்து வந்த வரியை அவள் தன் குறிப்பில் சேர்த்து இணையத்தில் போட்டிருக்கிறாள், செயலி அதைத்தான் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, எத்தனை வகுப்புக்குப் போனதோ தெரியாது. என் பொய்யை எனக்கே சாட்சியாகக் கொண்டுவந்து காட்டுகிறது பிள்ளை.

திங்கட்கிழமை வரலாற்றுத் தேர்வு. என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தேழு பேரும் சுப்பையாவை உதாரணமாக எழுதப் படித்து வைத்திருக்கிறார்கள். கடைசி வகுப்பில் சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். ஒருத்தன், "மிஸ், சுப்பையாவ எழுதினா மார்க் உண்டா?" என்றான். எல்லாரும் பேனாவை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை உனக்குத் தெரியும். மணி அடிக்கும்வரை வேறு எதையோ பேசி ஓட்டினேன். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பொங்கோல் நிலையம்வரை போய், அப்படியே திரும்பியும் வந்திருக்கிறேன். என்னை நானே நம்ப முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் ஒன்று செய்துவிட்டேன். இப்படி ஒரு கடிதம் தருகிறேன் என்று தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்குச் சொல்லிவிட்டேன். போடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது, எழுதி முடித்ததும் அனுப்பிவிடுவேன். பெரியவர் தினமும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். சனிக்கிழமைக்குள் நான் போய்ச் சொல்லாவிட்டால், அவர் தன் அப்பாவைத் தொலைப்பது இந்தப் பக்கத்தில்தான். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரச்சொல்லியிருக்கிறேன். கூடுதல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் பேரும் கெடும், அருள். உன் மனைவியிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லிடுங்கக்கா. அவரு ரெண்டு தடவ என்கிட்ட ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்டாரு, இதுதான் போல" என்றாள். என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஹரிணியின் தலையில் இதைப் போடுகிறேன். இனி அவள் யார் சொல்வதையாவது நம்புவாளா? அதுவும் தெரியாது.

அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். வெளியே போ என்றால் போய்விடுவேன். அவர் அப்படிச் செய்யமாட்டார், அதுதான் எனக்குப் பயம். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப எங்கப்பா செத்த நாள் எதும்மா?" என்று கேட்பார். அமாவாசையோடு நிம்மதியாக இருந்த மனிதருக்கு நாம் ஒரு நாளைக் கொடுத்தோம். இப்போது நானே போய் அதைப் பிடுங்கப்போகிறேன். உனக்காவது வியாழக்கிழமை இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் இருப்பேன். அவர் கேட்பார். எனக்குத் தெரியாது என்று சொல்வேன், அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்கமாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் திட்டவும் உனக்காக அழவும் உரிமையுள்ள,
கூடப் பிறக்காத உன் பத்மா அக்கா