நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் தியானம் செய்வதில்லை.

செங்கம் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு வயதான பெண்மணியின் முன்னறையில் விடியுமுன் விளக்கு எரிந்தால், இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கணவர் போன பிறகு அம்மா ஆன்மிகத்தில் இறங்கிவிட்டார்கள் என்று தெருவே பேசுகிறது. இன்று காலை எதிர்வீட்டு மல்லிகா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். மடிக்கணினிக்கு முன்னால் இருந்த கறுப்பு வட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாளக்கிராமங்களாம்மா?"

"ரப்பர்."

"ரப்பர்ல கூட வந்துடுச்சா?"

நீ கனடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வட்டு அது. பனித்தரையில் ஆடும் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிப்பது. "இதை வச்சு வெள்ளைக்காரப் பசங்க வெளையாடுவாங்க. அதைத்தான் காலையில உக்காந்து பாக்கறேன்" என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சொல்லக் கூடாதுன்னா விடுங்கம்மா" என்று பழத்தை வட்டின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பழத்தை நகர்த்திவிட்டு வட்டைக் கையில் எடுத்தேன். ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். அடுப்பில் பால் வைத்ததை மறந்து பொங்கவிட்டேன். கடைசியில் உனக்கே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

நம் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தே கான்வென்டில் எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. ஒரே உயரம், ஒரே ஓட்டம், ஹாக்கியில் இருவருக்குமே சென்டர் பார்வர்டு இடம்தான் வேண்டும். டீச்சரால் முடிவு செய்ய முடியாமல், பயிற்சியில் நம்மை எதிரெதிர் அணியில் நிறுத்துவார். அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்குவது புல்லியில். பந்தை நடுவில் வைத்து, இரண்டு சென்டர்களும் எதிரெதிரே குனிந்து, மட்டையால் தரையில் ஒரு தட்டு, எதிராளியின் மட்டையில் ஒரு தட்டு. இப்படி மூன்று முறை தட்டிய பிறகுதான் பந்தைத் தொடலாம். நீ மூன்றாவது தட்டு முடிவதற்குள் பந்தோடு ஓடியிருப்பாய்.

"டீச்சர், இவ திருடறா" என்பேன்.

"தட்டு முடிஞ்சுதுடி. உன் காதுக்குத்தான் லேட்டா கேக்குது" என்பாய்.

கல்யாணமாகி நீ கனடா போனாய். நான் இங்கே வாழ்க்கைப்பட்டேன். இருவருமே தனியான பிறகு, அங்கே குளிர் தொடங்கியதும் நீ இங்கே வந்து ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்தாய். ஆசிரமத்துக்காகவா வந்தாய் என்று கேட்டேன். "உன்கிட்ட சண்டை போட வந்தேன். அங்க எல்லாரும் ரொம்ப மரியாதையா பேசறாங்க. போரடிக்குது" என்றாய்.

காலையில் ஹாக்கி பார்க்கலாம் என்று நீ சொன்னபோது நான் புல்தரையை எதிர்பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரை முழுக்க வெள்ளை. இது ஐஸ் ஹாக்கி என்று சொல் என்று திருத்தினேன். "அங்க இதுக்குப் பேரே ஹாக்கிதான். உன்னோடதைத்தான் புல் ஹாக்கின்னு சொல்லணும்" என்றாய். பிறகு நடுவட்டத்தில் இருவர் குனிந்து நின்றார்கள். நடுவர் அவர்களுக்கு நடுவே வட்டைப் போட்டார். நீ என் தொடையில் தட்டினாய். "பாருடி, நம்ம புல்லி. தட்டறது மட்டும் கெடையாது. விழுந்ததும் எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"உனக்காகவே செஞ்ச ஆட்டம்" என்றேன்.

அன்று அப்படிக் குனிந்து நின்ற இருவர்தான் நமக்கு வாய்த்த வம்பு. பெயர்களைச் சொன்னாய். என் வாயில் அவை நுழையவில்லை, நீலச் சட்டை, சிவப்புச் சட்டை என்றே வைத்துக்கொண்டேன். இருவரும் சென்டர், இருவருக்கும் இடதுகைப் பழக்கம், ஒரே வேகம். வட்டைத் தள்ளிவிடுமுன் தலையை வேறு பக்கம் திருப்பி, தடுக்க வரும் காவல்காரனை ஏமாற்றுகிற தந்திரம்கூட ஒன்றுதான். சட்டையை மாற்றிப் போட்டால் பெற்றவளே தடுமாறுவாள். எதிராளி வட்டைப் பறித்துக்கொண்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும். நீலம் திரும்பித் தன் கோல் வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடி வருவான். சிவப்பு பாதித் தூரத்தில் நின்றுகொள்வான், யாராவது மீட்டுத் தன்னிடம் அனுப்பட்டும் என்று.

"பறிகொடுத்தவன்தான் மீட்டுக்கிட்டு வரணும்" என்றேன்.

"கல்யாணத்துல மாப்பிள்ளையே எறங்கி எச்சில் எலை எடுப்பானா?"

"எடுத்தா அவன்தான் ஒசத்தி."

கிரிவலப் பாதையிலும் அதே பேச்சுதான். ஒருமுறை டீ குடிக்க நின்றோம். கடைக்காரர் நம் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார். நீ சிவப்பின் பெருமையைச் சொல்லி முடித்ததும் மெல்ல நுழைந்தார்.

"ரெண்டு பேரும் வெளியூருங்களா?"

"வெளிநாடு" என்றாய்.

"நல்ல சம்பளங்களா?"

"கோடிக்கணக்குல."

"அப்பறம் இன்னாங்கம்மா யோசன? நீலச் சட்டப் பையனையே முடிச்சிடுங்க. கூப்புடாமயே வேலைக்கு வர்ற மாப்ள இந்தக் காலத்துல கம்மி. நின்ன எடத்துலயே நிக்கறவனுக்குப் பொண்ணு குடுத்தீங்கன்னா காலம் பூரா கண்ணீருதான்."

எனக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. நீ என்னை விட்டுவிட்டு அடுத்த லிங்கம் வரும்வரை வேகமாக முன்னால் நடந்தாய். பிறகு, "டீக்கடைக்காரர் தீர்ப்பு சொல்ற அளவுக்கு என் ஆளு மட்டமாடி?" என்றாய். உண்மையாகவே மனம் நொந்திருந்தாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இந்த வயதில் என்மேல் கோபப்பட, என்னிடம் தோற்க மறுக்க, உன்னைத் தவிர யார் இருந்தார்கள்? மற்றவர்கள் எல்லாரும் நான் சொல்வதற்குத் தலையாட்டுகிறார்கள். தலையாட்டினால் கிழவி சீக்கிரம் விட்டுவிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

போன கார்த்திகை தீபத்துக்கு நீ வரவில்லை. உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய். பிறகு ஒரு காலையில் நீயே போன் செய்தாய். உன் குரல் சின்னதாக இருந்தது. இருவரும் மோதிய ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், சிவப்பு எப்படிச் சும்மா நின்றான் என்று. நீ குறுக்கிடவில்லை. முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சொன்னாய்: "நீ சொன்னதுதான் சரிடி. நீலச் சட்டைதான்."

அவ்வளவுதான். பிறகு என் முழங்கால் வலியை விசாரித்தாய். அடுத்து வந்த போன் உன் தம்பியுடையது.

நான் ஜெயித்ததாக நினைக்க முடியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நீ ஒரு சின்ன விஷயத்தைக்கூட விட்டுக்கொடுத்தவள் இல்லை. ஆட்டத்தைப் பார்த்து, யோசித்து, மனம் மாறித்தான் சொன்னாயா? அல்லது வலியில், பேச்சை முடித்தால் போதும் என்று, மற்றவர்களைப் போல நீயும் எனக்குத் தலையாட்டினாயா? முதலாவது என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இரண்டாவது என்றால் உன் கடைசிப் பேச்சில் எனக்கு நீ இல்லை, ஆறுதல் சொல்லும் யாரோ ஒருத்திதான் இருந்தாள்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த விடிகாலைகள். ஆட்டம் பார்க்க நீ சந்தா கட்டிய கணக்கை யாரும் இன்னும் மூடவில்லை. கணினியைத் திறந்ததும் உன் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் சொல்கிறது. நான் நீலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சிவப்பை மட்டும் பார்க்கிறேன், வட்டு அவனிடம் இல்லாதபோது. இப்போது ஒன்று தெரிகிறது. அவன் சும்மா நிற்கவில்லை. அவன் அங்கே நிற்பதால் எதிரணியின் காவல்காரர்கள் இருவர் அவனை விட்டு நகரப் பயப்படுகிறார்கள். இங்கே அவனுடைய கோல் வாசலைத் தாக்க வருபவர்களில் அந்த இரண்டு பேர் குறைகிறார்கள். நின்றபடியே அவனும் தன் வாசலைத்தான் காக்கிறான். இதை நீ எனக்கு ஒருபோதும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா, அல்லது வெறும் பிடிவாதமா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆக, நீ என் பக்கம் வந்துவிட்டாய், நான் உன் பக்கம் போய்விட்டேன். நேரில் இருந்தால் இன்னொரு சண்டைக்குக் காரணம் கிடைத்திருக்கும். இப்போது உன் வாதத்தையும் என் வாதத்தையும் நானே தூக்கிக்கொண்டு இந்த முன்னறையில் நடக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லிக்கொள்கின்றன. எதுவும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த மட்டில் நீ என்னோடு இருக்கிறாய்.

இதை உன் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். பிரிப்பது உன் தம்பியாகத்தான் இருக்கும். இனி வருவது அவருக்கு.

தம்பி, கடைசி வாரங்களில் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவோடு ஆட்டம் பார்த்தீர்கள். என்னோடு போனில் பேசிய பிறகு அவள் உங்களிடம் என்ன சொன்னாள்? எந்தச் சட்டை? போனில் சொல்ல வேண்டாம். போனில் எல்லோருக்கும் என்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. உள்ளதை உள்ளபடி, ஒரு தாளில், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.